கடலில் நனைந்த வெள்ளிச்சட்டைகள்

பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு விளையாடினேன் என்று சொன்னால் மன்னாரில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சிரிப்பார்கள். தலைமன்னார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, குதிரையும் தந்தவங்களோ பிள்ளை என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். அந்தப் பேச்சு எடுத்தவுடன் எனக்கு வாளோ பதக்கமோ நினைவுக்கு வருவதில்லை. நாற்றம்தான் வரும்.

என்ன நாற்றம் என்று சொல்கிறேன். வாள்வீச்சுக்குத் தடித்த வெள்ளைத் துணியில் ஒரு மேலுடுப்பு போட வேண்டும். ஒரு மணித்தியாலம் விளையாடினால் அது பிழியலாம் போல் நனைந்துவிடும். எங்கள் ஆண்கள் அணி அதைக் கழட்டி, உருட்டி, ஈரத்தோடு பைக்குள் அமுக்கி, பைகளை அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுப் போகும். அடுத்த கிழமை அலுமாரியைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டும். முகக்கவசத்தின் தாடைத் துணியில் யாருடையதென்றே தெரியாத எச்சில் காய்ந்து மொரமொரவென்று இருக்கும், உள்ளே நெற்றி படுகிற இடத்தில் தலையெண்ணெய் கறுப்பாகப் பிடித்திருக்கும். ஆண்கள் அணிக்குப் புதிது வாங்கினால் பழையது பெண்கள் அணிக்கு வரும். நாங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடுதண்ணியில் ஊறப்போட்டு, தோய்த்து, திரும்பத் தோய்த்துத்தான் போடுவோம். அப்படித் தோய்த்ததையும் ஆண்கள் ஆள் கூடிய நாட்களில் இரவல் எடுப்பார்கள். திரும்பி வரும்போது பழைய நாற்றத்தோடுதான் வரும்.

நாட்டின் தெற்கில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகம் அது. அதன் இணையப் பக்கத்தில் ஆண்கள் வாள்வீச்சு, பெண்கள் வாள்வீச்சு என்று இரண்டு படங்கள் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்துத்தான் நான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மண்டபம் பின்னேரம் முழுக்க ஆண்களுக்கு. அவர்கள் முடித்து, பாதி லைட்டையும் நிற்பாட்டிவிட்டுப் போன பிறகு மிச்ச நேரம் எங்களுக்கு. பயிற்றுநரும் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார். எங்கள் பக்கம் நாங்கள் மூன்று பெண்கள்தான் கடைசிவரை நின்றோம். ஒருத்தி கண்டி, மற்றவள் காலி, நான் மன்னார்த் தீவுப் பேசாலை.

பேசாலை என்றால் கருவாடு என்று யாரோ ஆண்கள் அணிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதன் பிறகு நான் மண்டபத்துக்குள் வந்தால் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான், மற்றவன் யன்னலைத் திறப்பான். சொந்த வியர்வையில் ஊறிப் புளித்துப்போய் நின்றுகொண்டு என்னை மோந்து பார்த்தார்கள். கருவாட்டுக்கு உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, மண் படாமல் எடுக்கிறோம். அது சாப்பாடு. இவர்களுடையது வெறும் ஊத்தை. இதை அவர்களுக்குச் சொல்லி என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் எனக்கு வெண்கலம் கிடைத்தது. காலிறுதியில் இன்னொரு பல்கலைக்கழகத்துப் பிள்ளையை வென்றேன், அரையிறுதியில் தோற்றேன். அரையிறுதிக்கு வந்தாலே வெண்கலம் உண்டு. அந்த வருடம் எங்கள் ஆண்கள் ஒருவரும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. திரும்பி வரும் வழியில் பயிற்றுநர் சொன்னார், பெண்கள் பக்கத்தில் போட்டி குறைவு, அதனால் இதைப் பெரிதாக எடுக்கக்கூடாது என்று. பதக்கத்தை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆனால் இறுதிப் போட்டி ஒன்று விளையாட வேண்டும் என்ற எண்ணம் அந்த வழியிலேயே எனக்குள் வந்துவிட்டது. கடைசி வருடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. படிப்பு முடிந்தால் நான் ஊருக்குத்தான் வருவேன், மன்னார்த் தீவில் வாளைத் தூக்கிக்கொண்டு யாரோடு விளையாடுவது? அடுத்த போட்டியில் ஆகாவிட்டால் பிறகு இல்லை.

அந்தக் கடைசி வருடத்தில்தான் பயிற்சி முகாமுக்கு இடம் தேடினார்கள். செலவில்லாத இடமாக இருக்க வேண்டும் என்றார் பயிற்றுநர். எங்கள் ஊர்த் தேவாலயப் பங்கு மண்டபத்தைக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று வாயைக் கொடுத்தது நான்தான். பங்குச் சுவாமி சந்தோசமாகத் தந்தார். ஆண்கள் மூன்று பேரும் பயிற்றுநரும் மண்டபத்தில் தங்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டில். சமையல் எல்லாருக்கும் அம்மா.

வந்து இறங்கியவுடனேயே கப்டன் கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தான். ஆண்கள் அணிக்குத் தலைவன் அவன். கொழும்புத் தமிழன், என்னுடைய ஆண்டுதான், ஆனாலும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். எங்கள் தெருவில் வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த ஆட்களுக்கு முன்னால் அவன் அந்தக் கைலேஞ்சியை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை. எனக்கு முகம் எரிந்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்ததும் கைலேஞ்சி எங்கே போனதோ தெரியாது. அம்மா வைத்த கணவாய்க் கறியையும் பாரைச் சொதியையும் புட்டில் குழைத்து அள்ளி அடித்தார்கள். முள்ளைப் பாயில் துப்பினார்கள். ஒரு கோப்பையைக்கூடக் கழுவி வைக்கவில்லை. அம்மா அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, பாவம் படிக்கிற பிள்ளையள் என்றார். அம்மாவுக்கு யாரும் பாவம்தான்.

வாள்வீச்சில் தடித்த உடுப்புக்கு மேல் இன்னொன்றும் போடுவோம். உலோக நூல் சேர்த்து நெய்த, கையில்லாத, மினுங்குகிற உடுப்பு. நாங்கள் அதை வெள்ளிச்சட்டை என்போம். எதிராளியின் வாள் நுனி அதில் பட்டால் கரண்ட் போய், பெட்டியில் நிற லைட் எரியும், புள்ளி கிடைக்கும். சட்டை பழுதாக இருந்தால் லைட் எரியாது. அதனால் போட்டிக்கு முதல் சட்டையைச் சோதிப்பார்கள், பழுதான சட்டையோடு விளையாட விடமாட்டார்கள். அந்த உலோக நூலுக்கு உப்பு ஆகாது. வியர்வையின் உப்பே அதைத் தின்னும். விளையாடி முடிந்ததும் நல்ல தண்ணியில் அலசி, நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும். எங்களிடம் ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று என்று ஆறு சட்டைகள்தான் இருந்தன. புதிது வாங்கித் தரச்சொல்லிக் கேட்டால் அடுத்த வருடம் என்பார்கள்.

முகாமின் நடுவில் ஒரு காலை ஆண்கள் மூன்று பேரும் வெள்ளிச்சட்டைகளோடு கடற்கரைக்குப் போனார்கள். ரீல் எடுக்கப் போகிறார்களாம். பின்னால் வள்ளங்கள், முன்னால் அலை, இடுப்பளவு தண்ணியில் நின்று வாள் வீசுவது. போனைப் பிடித்துக்கொண்டு பயிற்றுநரும் கூடப் போனார். நான் பின்னால் ஓடிப்போய்க் கப்டனிடம் சொன்னேன்.

“சட்டையைக் கழட்டிப்போட்டு இறங்குங்கோ. இந்தத் தண்ணி பட்டால் அது செத்துப்போகும்.”

“சட்டை இல்லாட்டி மினுங்காது தங்கச்சி. காயவைச்சாச் சரி.”

காயவைத்தால் சரி. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு உப்பைப் பற்றிக் கொழும்புக்காரன் பாடம் எடுத்தான். எங்கள் ஊரில் சைக்கிள் செயினும், யன்னல் கம்பியும், கூரைத் தகரமும் என்ன பாடுபடுகிறது என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்திருந்தாலே போதும். அவர்கள் விழுந்து, உருண்டு, வாயில் மண் போகச் சிரித்து, திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பிறகு சொட்டச் சொட்ட வந்து, சட்டைகளை நெத்தலி காயப்போடுகிற தட்டியில், நெத்தலிக்கு மேலேயே எறிந்தார்கள். நெத்தலியைக் காயப்போட்ட பக்கத்து வீட்டு அக்கா, பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள்தானே என்று மீனை வேறு தட்டிக்கு அள்ளிக்கொண்டு போனார். ஒருவன்கூட எழும்பி உதவவில்லை.

அப்போதும் சட்டைகளைக் காப்பாற்றியிருக்கலாம். எங்கள் கிணற்றுத் தண்ணி சவர், அதில் அலசிப் பயனில்லை. குடிக்க, சமைக்கப் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணியைத்தான் பெரிய பரலில் பிடித்து வைத்திருப்போம். கச்சான் என்கிற வறண்ட காற்று உரமாக அடிக்கிற காலம் அது, எல்லா வீட்டிலும் தண்ணி இறுக்கம். நான் அம்மாவிடம் விசயத்தைச் சொன்னதும் அம்மா யோசிக்கவில்லை. வாளி நிறைய நல்ல தண்ணி கொண்டுபோய்க் கப்டனிடம் கொடுத்து, சட்டையளை இதுக்குள்ள அலம்புங்கோ தம்பி என்றார். நான் அடுப்படியில் நின்றேன். சற்று நேரத்தில் தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், கப்டன் அந்தத் தண்ணியைத் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்கிறான். உப்புக் கடிக்கிறதாம் உடம்பு. மற்ற இருவரும் மிச்சத்தில் கால் கழுவினார்கள். சட்டைகள் தட்டியில் அப்படியே கிடந்தன, காற்றில் ஆடிக்கொண்டு.

அருவருத்துப் போனேன். வேறு சொல் இல்லை. ஒரு வீட்டின் குடிதண்ணி அவன் முதுகில் வழிந்து எங்கள் மண்ணுக்குள் போனது. அம்மா பார்த்துவிட்டு வெறும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று எங்களுக்குத் தேத்தண்ணி இல்லை, அவர்களுக்கு இருந்தது.

எங்கள் மூன்று சட்டைகளும் வீட்டுக்குள்ளேயே இருந்தபடியால் தப்பின. வளாகத்துக்குத் திரும்பிய பிறகு ஆண்களுடையவற்றில் முதலில் பச்சைப் புள்ளிகள் வந்தன, பிறகு அது கறுத்துப் படர்ந்தது. தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தார்கள். பற்பசை போட்டுத் தேய்த்தார்கள். தேய்த்த இடத்தில் நூல் அறுந்து நின்றது. ரீலுக்கு மட்டும் விருப்பக்குறிகள் குவிந்தன. பயிற்றுநர் அதைத் துணைவேந்தர் கந்தோருக்கும் காட்டிப் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

போட்டி நாள் காலை உடுப்புச் சோதிக்கிற மேசையில் ஆண்களின் சட்டைகள் மூன்றையும் தள்ளிவிட்டார்கள். சோதனைக் கம்பியை எங்கே வைத்தாலும் லைட் எரியவில்லை. எங்களுடைய மூன்றும் முத்திரையோடு வந்தன. நான் போட்டு, முதுகுச் சிப்பை இழுத்து மூடி, கை கால் சூடாக்கிக்கொண்டு நின்றேன். ஆண்கள் சுற்றும் பெண்கள் சுற்றும் ஒரே நேரத்தில் தொடங்க இருந்தன. பயிற்றுநர் எங்களிடம் வந்தார். சிங்களத்தில், மிக அமைதியாக, கடையில் சாமான் மாற்றிக் கேட்பதுபோல் கேட்டார். சட்டைகளைக் கழட்டிப் பையன்களிடம் கொடுக்கச் சொன்னார். பெண்கள் அணியின் பெயரை எடுத்துவிடுகிறாராம், ஆண்களுக்கு இந்த முறை வாய்ப்பு இருக்கிறதாம்.

என்ன வாய்ப்பு என்று கேட்டேன். அவர்கள் எப்போதாவது ஒரு சுற்றுத் தாண்டினார்களா என்று கேட்டேன். அவர் கண்டிக்காரியின் பக்கம் கையை நீட்டினார். கண்டிக்காரி அழுதுகொண்டே கழட்டினாள். காலிக்காரியும் கழட்டினாள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் அந்த மனிசனுக்குக் கீழே விளையாட இருந்தது. நான் கழட்டவில்லை. கழட்டாவிட்டாலும் உன் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் நடுவர் மேசைக்குப் போனார். அணிப் பொறுப்பாளர் அவர், அவர் சொன்னால் சொன்னதுதான். மேசையில் இருந்த பெண் பேனையால் ஒரு கோடு இழுத்தார். நான் விளையாட வந்த இறுதிப் போட்டி அத்தோடு சரி.

பிறகு கப்டன் வந்தான். முகத்தில் ஒரு பரிவு வேறு.

“தங்கச்சி, நீங்க இனி விளையாடப் போறதில்லைதானே. அதைப் போட்டுக்கொண்டிருந்து என்ன செய்யப்போறீங்க?”

“சும்மா இருக்கப்போறன்.”

“நான் விளையாட வேணாமா?”

“உங்கட சட்டையை நீங்கள் கடலுக்குக் குடுத்தனீங்கள். அங்க போய்க் கேளுங்கோ.”

அவன் சிப்பில் கை வைக்கக் கையை நீட்டினான். நான் வாளின் பிடியை இறுக்கிப் பிடித்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். கண்டியின் சட்டையும் காலியின் சட்டையும் மற்ற இருவரின் தோளில் ஏறின. அவர்களுக்கு அது மார்பில் இறுக்கி, வயிற்றுக்கு மேலே ஏறி நின்றது. இரண்டு பேரும் எல்லாரோடும் தோற்றார்கள். கப்டன் தண்ணிப் போத்தல் பெட்டிக்கு மேல் குந்தியிருந்து போன் பார்த்தான். நான் சுவர் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு, முகக்கவசத்தை மடியில் வைத்து, சிப்பைத் திறக்காமல் இருந்தேன். பெருமையாக ஒன்றும் இருக்கவில்லை.

பெண்கள் சுற்று இடைவேளையில் ஒரு பிள்ளை எனக்கு முன்னால் வந்து நின்றாள். போன வருடம் காலிறுதியில் நான் வென்ற அதே பிள்ளை. என்னுடைய பெயரை ஏன் வெட்டியிருக்கிறார்கள், காயமா என்று சிங்களத்தில் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்தக் கேவலத்தைச் சொல்ல எனக்கு வாய் கூசியது. ஆனால் சொன்னேன், கடல், ரீல், சட்டை, எல்லாம். அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஆச்சரியப்படவேயில்லை.

எங்களிடமும் அப்படித்தான், என்றாள். போன வருடம் அவர்களுடைய ஆண்களின் சட்டை ஒன்று சோதனையில் தள்ளுப்பட்டதாம். இவளுடையதைக் கழட்டி வாங்கினார்களாம். கூட்டத்தில் இவள்தான் இளையவள், கொடுத்துவிட்டாளாம். காலிறுதிக்குக் கூப்பிட்டபோது அவளுடையது திரும்பி வரவில்லை. தோற்று வெளியே வந்த ஒரு பெரிய உடம்புக்காரனின் சட்டையைத்தான், சொட்டச் சொட்ட, கையில் கொடுத்தார்களாம். அதைப் போட்டுக்கொண்டுதான் உங்களோடு விளையாடினேன் என்றாள். உடம்பை விட்டு விலகித் தொங்கியது, நீங்கள் குத்தியதில் பாதி என் உடம்பில் படவேயில்லை, துணியில்தான் பட்டது, ஒவ்வொரு முறையும் லைட் எரிந்தது என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இந்த முறை அவளுடைய சொந்தச் சட்டையைப் போட்டிருந்தாள், அளவாக இருந்தது. ஒரு வருடமாக என்னோடு விளையாடத்தான் பழகினாளாம். அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள், ஓடிப்போனாள்.

நான் எழும்பிக் கழிவறைக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். என்னுடைய வெள்ளிச்சட்டை உடம்பிலேயே இருந்தது. அந்தக் காலிறுதியால் வந்த பதக்கம் இப்போதும் பேசாலையில் அம்மாவின் அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதைக் காட்டுவார், நான் அந்த நேரம் அடுப்படிக்குள் போய்விடுவேன்.